முப்பத்தேழு நிமிடங்கள்

ஆகஸ்ட் 21, திங்கள்

கார்டு 1 (64 ஜி.பி.): நேற்று காதுகுத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது. கழற்றி மாட்டியபின் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் காப்பி எடுத்தேன், தப்பித்தது. இனிமேல் இதை நம்பக்கூடாது.

கார்டு 2 (32 ஜி.பி.): காலி.

ஹார்டு டிஸ்க்: 41 ஜி.பி. மீதம்.

கலர் லேப்காரர்கள் வருடா வருடம் கொடுக்கும் இந்த டைரியில் நான் எழுதுவது பெரும்பாலும் இவ்வளவுதான். எந்தக் கார்டில் எந்த விசேஷம், எங்கே காப்பி எடுத்தேன், எப்போது அழித்தேன். இரண்டு இடத்தில் காப்பி ஏறாமல் எதையும் அழிப்பதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சடங்கு வீடியோவைத் தொலைத்துவிட்டு அந்த வீட்டு வாசலில் நின்றேன். அதிலிருந்து வந்த பழக்கம்.

புதுக் கார்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று. அடுத்த செவ்வாய் வரும். ஞாயிற்றுக்கிழமை நித்யகலா கல்யாணம் இருக்கும்போது செவ்வாய் வந்து என்ன பிரயோஜனம், மதுரைக்குப் போய் ஒன்று வாங்கி வரக்கூடாதா என்று என் வீட்டுக்காரி ஜெயக்கொடி கேட்டாள். அவளுக்கு அண்ணன் மகள் கல்யாணம். 32 போதும் என்றேன். உயர்ந்த தரத்தில் வைத்தாலும் 172 நிமிடம் ஓடும். சனிக்கிழமை ரிசப்ஷனை எடுத்துக் காப்பி பண்ணிவிட்டு, காலி செய்து, ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கு மறுபடி போடலாம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

மச்சான் வீட்டுக்குப் போய் வந்தேன். ராமர் மச்சான் மாவு மில்லை இரண்டு நாளாகத் திறக்கவில்லை. போட்டோவுக்கு மதுரை ஆள், வீடியோவுக்கு நான். மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுக்கும் மதுரை ஆளையே வைக்கச் சொன்னார்களாம். எங்க மாப்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று இவர் சொல்லிவிட்டார்.

நித்யகலா என்னைத் தனியாக அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள். தாலி கட்டும்போது எல்லாரும் எங்களைத்தான் எடுப்பார்கள், நீங்கள் அப்பா முகத்தை எடுங்கள் மாமா என்றாள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 26, சனி

ரிசப்ஷன் 2 மணி 40 நிமிடம். இரண்டு இடத்தில் காப்பி. கார்டு 2 காலி. பேட்டரி மூன்றும் சார்ஜில்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பதினொன்றரைக்கு மண்டபத்துக்குப் போலீஸ் வந்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வீடியோ வேலை என்று அழைத்துப் போனார்கள். வழக்கமாக அவர்களுக்கு எடுக்கும் அருளானந்தம் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கிறார். ஸ்டேஷனில் இறந்துபோன ஒரு பையனின் பிரேதப் பரிசோதனை. மாலை ஆறுக்கு வீடு வந்தேன்.

கார்டு 2 பழுது. முகூர்த்தம் இல்லை.

வேட்டியை நானே துவைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

காலையில் மச்சான் வீட்டுக்குப் போனேன். மறுவீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளையும் நித்யகலாவும் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து சொன்னேன். கார்டு பழுதாகிவிட்டது மச்சான், ரிசப்ஷன் மட்டும்தான் இருக்கிறது.

அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எந்தக் கார்டு, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். மதுரையில் அழிந்ததை எடுத்துக் கொடுக்கிற கடை இருக்கிறதாம். மில்லுக்கு வரும் ஒருவருடைய மகன் அங்கேதான் வேலை செய்கிறானாம். கார்டைக் கொடுங்கள் மாப்ளே, நான் கொண்டுபோகிறேன் என்றார்.

கார்டு என்னிடம் இல்லை. பரிசோதனைக்கு வந்திருந்த மாஜிஸ்திரேட் கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதை நான் மச்சானிடம் சொல்லவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

ஜெயக்கொடி இரவு சாப்பாடு வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

புதுக் கார்டு வந்தது. 64 ஜி.பி. சோதித்துப் பார்த்தேன், நன்றாக ஓடுகிறது.

கார்டு 1-ஐ மச்சானிடம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

இன்று ஒரு பூப்புனித நீராட்டு விழா இருந்தது. இடுப்பு வலி என்று சொல்லி வேறு ஆளுக்கு மாற்றிவிட்டேன்.

கறிக்கடைப் பக்கம் போகாமல் பின்பக்கத் தெரு வழியாகச் சுற்றி வந்தேன். அந்த வழியில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். வண்டி ஓட்டுவது சிரமம்.

பேப்பரில் போட்டிருக்கிறது. மாரிக்கண்ணு, வயது 24, டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. செல்போன் திருட்டு விசாரணைக்காக வெள்ளிக்கிழமை அழைத்துச் செல்லப்பட்டவர் சனிக்கிழமை கழிப்பறையில் வழுக்கி விழுந்து இறந்ததாகப் போலீஸ் தரப்பு கூறுகிறது. ஆறு வரிச் செய்தி.

செப்டம்பர் 2, சனி

எஸ்.ஐ. ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். அன்றைக்கு மார்ச்சுவரி வாசலில் நின்றவர். அந்த ஸ்டேஷன்காரர் இல்லை, பக்கத்து ஸ்டேஷன். மகளுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வேண்டும், எப்போது கூட்டிவரலாம் என்று கேட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

போகும்போது கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த வீடியோ காப்பி எதும் இதுல இருக்கா?"

"இல்ல சார். கார்டை அங்கேயே கொடுத்துட்டேன்."

"முப்பத்தொன்பது நிமிஷம்தான் இருக்குன்னு என்கிட்ட சொன்னீங்க. ரெண்டே முக்கால் மணி நேரம் எப்படி ஓடுச்சு?"

"ஓடுச்சு சார்."

உங்க மச்சான் வீட்டுக் கல்யாண வீடியோ போயிருச்சாமே என்றார். ஆமாம் என்றேன். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மகளை எப்போது கூட்டிவருவார் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கார்டை மேசைமேல் வைத்தார்.

"காதுகுத்து வருது மாப்ளே."

மதுரைக் கடையில் கார்டு 1-இல் இருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். காதுகுத்து, அதற்கு முன் எடுத்த ஒரு புதுமனைப் புகுவிழா, அதற்கும் முன் ஒரு பள்ளி ஆண்டு விழா. கல்யாணத்தில் ஒரு நொடிகூட இல்லை. இந்தக் கார்டில் கல்யாணத்தை எடுக்கவே இல்லை என்று அந்தப் பையன் தேதியோடு சொல்லியிருக்கிறான்.

"எதுக்கு மாப்ளே பொய் சொன்ன?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னை ஒருமையில் பேசியது இதுதான் முதல் தடவை. ஜெயக்கொடி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு மத்தியானம் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

நித்யகலா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். போட்டோ இருக்கு மாமா, அது போதும், அப்பா எதாவது சொன்னா மனசுல வச்சுக்காதீங்க என்றாள். பக்கத்தில் அவள் புருஷன் இருந்திருப்பான். சொல்லிக்கொடுத்துப் பேசுவது போலத்தான் இருந்தது.

மதுரை ஆளின் போட்டோக்களை முழுக்கப் பார்த்தேன். அறுநூறு இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் மச்சான் முகம் ஒன்றிலும் இல்லை. ஒரு படத்தில் தோள் மட்டும் தெரிகிறது.

செப்டம்பர் 6, புதன்

பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். பெயர் செவந்தி என்று பில்லுக்காகக் கேட்டபோது சொன்னாள். பையிலிருந்து ஒரு குரூப் போட்டோவை எடுத்தாள். ஏதோ வேலை முடிந்த வீட்டில், புதிதாக ஒட்டிய தரைமேல் ஐந்து பேர் குந்தியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் இருப்பவனை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டுத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள்.

அந்த முகத்தை அடையாளம் தெரிந்துகொண்டேன். ஆனால் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்தப் படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் செய்து, பின்னால் இருந்த சிமெண்ட் மூட்டையை எடுத்துவிட்டு, நீல நிறம் போட்டுக் காட்டினேன். நீலம் வேண்டாம், வெறுமனே இருக்கட்டும் என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு கேமரா வச்சிருந்தது நீங்கதான?"

"ஆமாம்மா."

"எங்களுக்கு மூஞ்சிய மட்டுந்தான் காட்டுனாங்க. துணி சுத்தித்தான் கொடுத்தாங்க. ரொம்ப அடிச்சிருந்தாங்களாண்ணே?"

எடுத்ததை வெளியே சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாம் பதிவாயிருக்கும்மா. ஒண்ணு விடாம இருக்கு. முகூர்த்தத்த அழிச்சிட்டுத்தான் எடுத்தேன். எதும் விடல."

முகூர்த்தம் என்றது அவளுக்குப் புரிந்திருக்காது. தலையை ஆட்டினாள். படத்தை வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பிப் பார்த்தால் ஜெயக்கொடி டீ டம்ளரோடு உள்வாசலில் நிற்கிறாள்.

செப்டம்பர் 7, வியாழன்

27-ஆம் தேதி எழுதியது சரியில்லை. யாராவது இந்த டைரியை எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்று பயந்து அப்படி எழுதினேன். இப்போது ஜெயக்கொடிக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

கார்டில் கல்யாணம் 133 நிமிடம் ஏறியிருந்தது. நான்கு துண்டு. பெண் அலங்காரமும் மாப்பிள்ளை அழைப்பும் 32 நிமிடம். முகூர்த்தம் 37. மேடையில் வரிசையாக நின்று வாழ்த்தியது 46. பந்தி 18. மீதி 39 நிமிடம் காலி.

இதை மார்ச்சுவரி வாசலில் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். வேறு கார்டு வேண்டும், ஸ்டுடியோ சாவி என் வீட்டுக்காரியிடம் மண்டபத்தில் இருக்கிறது, இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டு எதிர்க் கடையில் கிடைக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்றார். அந்தக் கடை ஞாயிறு இரண்டு மணிவரை உண்டு. அதையும் சொன்னேன்.

"முப்பத்தொன்பது நிமிஷம் போதும். ஃபுல்லாச்சுன்னா ஃபுல்லாச்சுன்னு சொல்லிருங்க. மெஷின் விஷயம். உங்கள யாரு என்ன கேக்கப் போறா."

செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே இரண்டு டாக்டர்கள். வயதான ஒருவர், அவருக்குக் கீழே ஒரு பெண் டாக்டர். மாஜிஸ்திரேட் முதலில் வந்து பார்த்துவிட்டு, அவன் அம்மாவையும் அக்கா செவந்தியையும் விசாரிக்க அடுத்த அறைக்குப் போனார். பன்னிரண்டு நாற்பதுக்கு ஆரம்பித்தார்கள். பெண் டாக்டர்தான் எல்லாவற்றையும் செய்தார். ஒவ்வொரு காயத்துக்கும் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நீளம் அகலம் சொல்லி, "இதை எடுங்கண்ணே" என்பார். நான் கிட்டே போய் எடுப்பேன். நான் நினைத்ததைவிட நிதானமாகச் செய்தார். முன்பக்கம் முடியவே முப்பத்தாறு நிமிடம்.

உடம்பைத் திருப்பிப் போட்டார்கள். கேமராவில் மூன்று நிமிடம் என்று காட்டியது.

தரத்தைக் குறைத்தால் அதே இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம். அதை முதலில் நினைத்தேன். ஆனால் தரத்தைக் குறைத்தால் சிவப்பும் நீலமும் கறுப்பும் ஒரே மாதிரி தெரியும். முதுகில் மூன்று நிறமும் இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றேன். அவர் கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். வயதான டாக்டர் என்னவென்று கேட்டார். கார்டு என்றேன். ஃபுல்லா என்று கேட்டார். இல்லை சார், இருக்கிறது என்றேன்.

பந்தியை அழித்தேன். பந்தி போனால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். 18 நிமிடம் கிடைத்தது.

அது முதுகுக்கே சரியாகப் போயிற்று. அடுத்து மேடையில் வாழ்த்தியது. 46 நிமிடம். அந்த வரிசையில் வந்தவர்கள் எல்லாரும் போட்டோவில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டேன். உள்ளே திறந்து பார்க்கும்போது அதுவும் தீர்ந்தது. அடுத்து அலங்காரமும் அழைப்பும். 32 நிமிடம். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைத்தேன். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்திருப்பேன்.

தலையையும் பார்த்து முடித்தார்கள். பெரியவர் கையுறையைக் கழற்றினார். போதும்மா என்றார். பெண் டாக்டர், சார், உள்ளங்காலைக் கீறிப் பார்க்க வேண்டும், தொடைப் பின்பக்கமும் என்றார். மேலே ஒன்றும் தெரியவில்லையே என்றார் அவர். மேலே தெரியாது சார், அதனால்தான் கீறணும் என்றார் இவர். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு கையுறையை எடுத்தார்.

"ஓடுதாண்ணே?"

இரண்டு நிமிடம் இருந்தது. வாசல் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. எஸ்.ஐ. அங்கிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்டில் முகூர்த்தம் ஒன்றுதான் மிச்சம். சின்னப் படமாக முதல் காட்சி தெரியும். நித்யகலா கேட்டாள் என்று நான் அந்தத் துண்டை மச்சான் முகத்திலிருந்துதான் ஆரம்பித்திருந்தேன். பெருவிரல் அளவுக்கு அவர் முகம் இருந்தது. அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பத்து நொடி ஆயிற்று.

"ஓடுது மேடம்."

உள்ளங்காலைக் கீறியதும் உள்ளே எல்லாம் கறுத்துக் கட்டியிருந்தது. இரண்டு காலிலும். அவர் ஸ்கேலை வைத்தார். நான் எடுத்தேன். 28 நிமிடம். 11 நிமிடம் மிச்சமாக முடிந்தது.

வெளியே வந்தபோது அவனுடைய அம்மா சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தபடி போய்விட்டேன்.

இவ்வளவுதான். ஜெயக்கொடியிடமும் இதைத்தான் நேற்றுச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, பதினொரு நாளா உங்களத் திட்டிக்கிட்டே சோறு போட்டேன்" என்றாள். இன்று காலை முதல் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

செப்டம்பர் 9, சனி

மச்சான் வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். சட்டம் போட்ட படம் மேசையில் இருந்தது. நேற்றே வாங்கிக்கொள்வதாகச் சொன்ன செவந்தி இன்னும் வரவில்லை. அவர் படத்தைப் பார்த்தார். இவனா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாப்ளே."

"போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க மச்சான்."

"போன் இருந்திருந்தா கேட்டிருப்பீங்களா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

"கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எம் மக கல்யாணம். யாரு பெத்த புள்ளைக்கோ அதை அழிக்க நான் எப்படி சரின்னு சொல்வேன்."

அவர் சொல்வதில் தப்பு இல்லை. எழுந்து போனார். மில்லுக்கு மாவரைக்கப் போனாலும் இப்போது அண்ணன் முகம் கொடுப்பதில்லை, கணக்குப்பிள்ளைதான் பேசுகிறார் என்று ஜெயக்கொடி சொன்னாள்.

சாயங்காலம் செவந்தி வந்து படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

ஒரு நிச்சயதார்த்தம். 1 மணி 50 நிமிடம். கார்டு 3. இரண்டு இடத்தில் காப்பி.

செப்டம்பர் 20, புதன்

பேப்பரில் இன்று முதல் பக்கம். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ளங்காலிலும் தொடையிலும் உள்காயம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. மூன்று பேர் சஸ்பெண்ட். வழுக்கி விழுந்தால் உள்ளங்காலில் எப்படி அடிபடும் என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எல்லாரும் பேசினார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, திங்கள்

கோர்ட்டிலிருந்து சம்மன். மாஜிஸ்திரேட் விசாரணைக்கு 12-ஆம் தேதி வர வேண்டும்.

கொண்டுவந்த கோர்ட் ஊழியர் தெரிந்தவர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். போலீஸ் தரப்பில் ஒரு மனு கொடுத்திருக்கிறார்களாம். வீடியோ நாலு இடத்தில் நின்று நின்று ஓடுகிறது, நடுவில் எதையோ வெட்டியிருக்கிறார்கள், அதனால் அதைச் சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று. நான் எடுத்ததை எதுவும் வெட்டவில்லை, கார்டில் இருந்த கல்யாணத்தைத்தான் அழித்தேன் என்றால், அப்படி ஒரு கல்யாணம் அதில் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். கல்யாண வீட்டார் யாராவது வந்து சொன்னால் நல்லது என்றார்.

ஜெயக்கொடியிடம் சொன்னேன். அண்ணனிடம் நான் கேட்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கேட்காமல் இருந்ததுதானே தப்பு, இதையாவது கேட்போம் என்றாள்.

அக்டோபர் 11, புதன்

மச்சானிடமிருந்து பதில் இல்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லையாம். மண்டப ரசீதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

காலை எட்டரைக்கு வாசலில் வண்டிச் சத்தம். மச்சான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் கல்யாணப் பத்திரிகை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஏறுங்க என்றார்.

கோர்ட் வராந்தாவில் ஒரு பெஞ்சுதான். அதில் மாரிக்கண்ணுவின் அம்மா உட்கார்ந்திருந்தார். செவந்தி வக்கீலைப் பார்க்கப் போயிருந்தாள். மச்சான் பெஞ்சின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தார். என்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் நிதானமான மனிதர். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத் தட்டச்சுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு இடத்தில் ஏன் நிற்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் எதை அழித்தேன், எத்தனை நிமிடம் என்று வரிசையாகச் சொன்னேன். பந்தி என்று அவர் சொல்ல, தட்டச்சுக்காரர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தார். தரத்தைக் குறைத்திருக்கலாமே என்றார். நிறத்தைப் பற்றிச் சொன்னேன். வேறு கார்டு வாங்கிவரச் சொல்லிக் கேட்டீர்களா என்றார். கேட்டேன் என்றேன். யாரிடம் என்றார். சொன்னேன். எஸ்.ஐ. எனக்கு என்ன பதில் சொன்னார் என்பதையும் சொன்னேன். அதைச் சொன்னபின் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுக்கச் சொன்னார்.

கடைசியாகக் கேட்டார்.

"இடம் இல்லைன்னு சொல்லி நிறுத்தியிருக்கலாம். உங்க மேல யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. சொந்தக்காரங்க கல்யாணத்த ஏன் அழிச்சீங்க?"

இதற்கு ஒரு பதிலை மூன்று நாளாக மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அது அப்போது வரவில்லை.

"டாக்டரம்மா இன்னும் முடிக்கல சார்" என்றேன்.

அதையே அடிக்கச் சொன்னார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வெளியே வந்தேன். மச்சான் பெஞ்சின் நடுவுக்கு வந்திருந்தார். அந்த அம்மாவின் கையில் காகித டம்ளர். மச்சான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மச்சான் நிறுத்தினார். அடுத்து மச்சானை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். என் மகள் கல்யாணத்தை இவர்தான் எடுத்தார், அன்றைக்குக் காலையில் எடுத்தது எதுவும் எங்களிடம் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தினார். கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்தபிறகு, கேட் திறப்பதற்கு முன்னால், திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"அந்தம்மா கேட்டுச்சு மாப்ளே. அன்னைக்கு நெத்தியில சந்தனத்தோட கேமராவத் தூக்கிக்கிட்டு வந்தாரே, யாரு வீட்டுக் கல்யாணம்னு. எம் மக கல்யாணம்னேன்."

தண்டவாளத்தைப் பார்த்தபடியே மேலும் சொன்னார்.

"நல்லபடியா நடந்துச்சான்னு கேட்டுச்சு. நடந்துச்சும்மான்னேன். மாப்பிள்ளை எந்த ஊரு, எத்தனை மணிக்கு முகூர்த்தம், யாரு தாரை வார்த்தா, பொண்ணு அழுதுச்சா, எல்லாம் கேட்டுச்சு. நானும் காலையில அஞ்சு மணில இருந்து ஒண்ணொண்ணா சொன்னேன். நீங்க வெளிய வர்ற வரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

கேட்டைத் தூக்கினார்கள். வண்டியை எடுத்தார். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். நான் இறங்கினேன்.

"வீடியோவப் பத்தி அந்தம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல" என்றார்.

உள்ள வாங்க மச்சான், சாப்பிட்டுட்டுப் போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.